சிடிசி ரோலரில் கை வைக்கும் முன் பூட்டுப் போடுவது எப்படி?

ஆடி மாதம் கூடலூர் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போவது வழக்கம். போன வருடம் அப்படிப் போன நேரத்தில், எங்கள் தேயிலை ஆலையில் ஒரு அண்ணன் சிடிசி ரோலரில் (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இரட்டை உருளை) சிக்கிய இலையை எடுக்கக் கை விட்டார். ஜெனரேட்டர் ஓடியதும் பேனலில் நின்ற பையன் வரிசையாகப் பட்டன்களை அழுத்திவிட்டான். ஸ்வெட்டர் கை முழங்கை வரை கிழிந்தது. விரல்கள் தப்பின. அப்புறம்தான் இந்த முறைக்கு வந்தோம்.

முதலில் ரோலரையும் இலை கொண்டுவரும் கன்வேயரையும் நிறுத்துங்கள். ஒரு ரோலர் நிமிடத்துக்கு 70 சுற்று சுற்றினால் எதிர் ரோலர் 700 சுற்று சுற்றும். ஸ்டாப் அழுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் ஓடும். அசைவே இல்லாமல் நிற்கட்டும்.

அடுத்து, அந்த மோட்டாரின் ஐசொலேட்டரை (கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சை) ஆஃப் செய்து, கைப்பிடித் துளையில் பூட்டை மாட்டுங்கள். திண்டுக்கல் பூட்டு உறுதிதான், ஆனால் அதன் தடித்த வளையம் துளைக்குள் போகாது. மெல்லிய வளையமுள்ள சிவப்பு நைலான் பூட்டையே வாங்குங்கள், சாரலில் துருப்பிடிக்காது. சாவி கை விடுபவரின் பையில் இருக்க வேண்டும், சூப்பர்வைசரிடம் அல்ல. இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு.

முதலாளி செலவு என்று தயங்கினால் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவைக் காட்டுங்கள். தவறுதலாக ஆன் ஆகக்கூடிய சுவிட்சைப் பூட்டிவைக்க வழி இருக்க வேண்டும் என்று அதில் உண்டு. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. அதற்காக யாரும் பூட்டைக் கழற்றிவிடாதீர்கள்.

நான் இடறியது இதற்கு அடுத்த படியில். பூட்டியதும் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். ஈரத்தில் உரிந்த பெயர்ச்சீட்டை யாரோ மாற்றி ஒட்டியிருந்தார்கள். நான் பூட்டியது பக்கத்து இயந்திரத்தை. அழுத்தினேன், ரோலர் சுற்றியது. அன்று அழுத்தாமல் விட்டிருந்தால் என் கை இருந்திருக்காது.

ஒன்றை மறக்காதீர்கள்: கரண்ட் இல்லாதபோது இந்தச் சோதனை எதையும் சொல்லாது. எந்த பட்டனை அழுத்தினாலும் ரோலர் அசையாமல்தான் இருக்கும். கரண்ட் வந்து, அழுத்திப் பார்த்த பிறகே கை விடுங்கள்.

பின்சேர்க்கை: ஷிப்ட் முடிந்தவர் பூட்டை மறந்துவிட்டுப் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அவருக்கு போன் போட்டு, ஆலையில் அவர் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். ரோலருக்குள் ஆளோ ஸ்பேனரோ இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகு, பொறுப்பாளர் முன்னிலையில் பூட்டை வெட்டுங்கள். டூப்ளிகேட் சாவி மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.