பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளோடு பாலக்காட்டுக்குக் குடிவருகிறவர்களுக்கு

கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்தோ, கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் சொந்தபந்தத்தை நம்பியோ பொள்ளாச்சி, உடுமலை, கோவையிலிருந்து வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாடகையையும் தண்ணீரையும்தான். வீட்டில் பதினொன்றாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் அதற்கும் முன்னால் பள்ளிக்கூடத்தை விசாரியுங்கள். வாளையார் எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்தால் பரீட்சைக் கணக்கே வேறு.

இங்கே பிளஸ் ஒன் மார்க்கும் கடைசிச் சான்றிதழில் சேரும். ஆறு பாடம், பாடம் ஒன்றுக்கு இரண்டு வருஷமும் சேர்த்து 200, மொத்தம் 1200. தமிழ்நாட்டிலோ பிளஸ் டூவின் 600தான் கணக்கு. 2025-26 முதல் அங்கே பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வே இல்லை. அந்த நினைப்பில், “பத்தாவது முடிச்சு இப்பத்தானே மூச்சு விடுறான், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று இருந்துவிட்டால், பார்க்க ஆரம்பிக்கும்போது கிட்டத்தட்டப் பாதி மார்க் எழுதி முடிந்திருக்கும். இங்கே கடைசி வருஷம் என்பது பிளஸ் ஒன் சேர்ந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. டியூஷன் வைப்பதானாலும், வீட்டில் படிக்க ஒரு மூலை ஒதுக்குவதானாலும் அப்போதே செய்யுங்கள். பிளஸ் ஒன்னில் சறுக்கினால் மார்க்கைக் கூட்ட மூன்று பாடம் வரை மறுபடி இம்ப்ரூவ்மென்ட் தேர்வு எழுதலாம். ஆனால் பிளஸ் டூ படிப்பின் நடுவில் அதையும் சேர்த்துச் சுமப்பது பிள்ளைக்குக் கஷ்டம்.

இதனால்தான் பிளஸ் ஒன்னை அங்கே முடித்துவிட்டு பிளஸ் டூவுக்கு இங்கே வருவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு வருஷம் பாட்டி வீட்டிலோ ஹாஸ்டலிலோ இருந்து அங்கேயே முடிக்கட்டும். பத்தாவது முடித்த பிள்ளை என்றால் சிக்கல் குறைவு. ஏகஜாலகம் என்கிற ஒற்றைச் சாளர முறையில் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்து அரசு ஹையர் செகண்டரி பள்ளியில் போய்க் கேட்டால் உதவி செய்வார்கள். இரண்டாம் மொழியாகத் தமிழ் எடுக்கலாம், ஆனால் எல்லாப் பள்ளியிலும் இல்லை. எந்தப் பள்ளியில் உண்டு என்று விசாரித்த பிறகே விருப்ப வரிசையைப் போடுங்கள்.

கிளம்புவதற்கு முன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டு மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அங்கேயே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் கிடைக்கிற 1000 ரூபாயும் அங்கே படித்ததைப் பொறுத்ததுதான். டாக்டர் கனவோடு இருக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளையை இங்கே மாற்றுவதற்கு முன் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம், இங்கே படித்துவிட்டு தமிழ்நாட்டுக் கல்லூரிக் கவுன்சிலிங்குக்குப் போகிறவர்களிடம் பிறப்பிடச் சான்றிதழ் (நேட்டிவிட்டி) கேட்பார்கள். அதை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். நீட் தேர்வைத் தமிழில் எழுத விரும்பினால் தேர்வு மையத்தைத் தமிழ்நாட்டுப் பக்கம் போட வேண்டும். கேரள மையத்தில் தமிழ் வினாத்தாள் கிடைக்காது.

வகுப்பில் புத்தகம் இங்கிலீஷில் இருக்கும், விளக்கம் மலையாளத்தில் நடக்கும். முதல் சில வாரம் பிள்ளை திணறும். எல்லைப்பகுதிப் பள்ளிகளில் தமிழ் தெரிந்த டீச்சர்களும் பிள்ளைகளும் இருப்பார்கள். அப்படி ஒரு தோழன், தோழி பக்கத்தில் உட்கார முடிந்தால் பாதிப் பாரம் குறையும். இயற்பியல், வேதியியல், கணிதம் எல்லாம் என்சிஇஆர்டி பாடம்தான் என்பதால், அதே பாடத்தைத் தமிழிலோ இங்கிலீஷிலோ நடத்துகிற வீடியோக்களை வீட்டில் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

பரீட்சை ஹாலில் பழக வேண்டியது நேரம். தமிழ்நாட்டில் மூன்று மணி நேரம் எழுதிப் பழகிய கை, இங்கே இயற்பியலை இரண்டு மணி நேரத்தில் 60 மார்க்குக்கு முடிக்க வேண்டும். அதற்கு முன்னால் 15 நிமிஷம் ‘கூல் ஆஃப் டைம்’ உண்டு. அப்போது விடை எழுதக் கூடாது, வினாத்தாளைப் படிக்கலாம். ஆறில் நான்கு எழுது என்கிற மாதிரி சாய்ஸ் நிறைய வரும் என்பதால் அந்த 15 நிமிஷம் பொன்னானது. எந்த நான்கு, எதை முதலில் எழுதுவது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட வேண்டும். வீட்டில் பழைய வினாத்தாளைக் கொடுத்து, கடிகாரத்தை வைத்து, இந்தக் கால் மணி நேரத்தையும் சேர்த்தே பழக்குங்கள். சிஇ என்கிற பள்ளி மதிப்பீட்டு மார்க் 20 கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். எழுத்துத் தேர்வில் தனியாக 30 சதவீதம் எடுத்தால்தான் பாஸ்.

பரீட்சை மார்ச்சில் வரும். பாலக்காட்டு மார்ச் வெயில் 40 டிகிரியைத் தொடுகிற வெயில். 2025இல் ஹையர் செகண்டரித் தேர்வை மதியம் வைத்தார்கள். அப்படி வந்தால், பழங்கஞ்சியோ மோர் சோறோ கொடுத்து, பஸ் கூட்டத்தில் நசுங்காமல் முன்னதாகவே அனுப்புங்கள். ராத்திரி இரண்டு மணி வரை விழிக்க வைத்துவிட்டு மறுநாள் மதிய வெயிலில் மூளை ஓடவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மார்க்கைவிட எனக்குக் கவலை தருவது, புது ஊரில் வாயை மூடிக்கொள்கிற பிள்ளைகள்தான். பழைய நண்பர்கள் இல்லை, பேச்சு புரியவில்லை, யாராவது தமிழர்களைக் கேலி செய்கிற ‘பாண்டி’ என்ற சொல்லால் கூப்பிட்டுச் சிரித்திருக்கலாம். வீட்டில் சொன்னால், “அதையெல்லாம் காதில போட்டுக்காதே, படி” என்றுதான் பதில் வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். அதனால் சொல்லாது. சாப்பாடு குறைவது, திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி வருவது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்காருவது, இதையெல்லாம் சோம்பல் என்று திட்டாதீர்கள். கேலி நடக்கிறது என்று தெரிந்தால் வகுப்பு டீச்சரை நேரில் பாருங்கள். இங்கே பெற்றோர் பள்ளிக்கு வருவது சாதாரண விஷயம், பிடிஏ என்கிற பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நம் பேச்சுக்கும் இடமுண்டு. மலையாளம் வரவில்லையே என்று கூச்சப்பட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டாம், தமிழிலேயே பேசுங்கள், புரிந்துகொள்வார்கள்.

ஹையர் செகண்டரி பள்ளிகளில் ‘சௌஹ்ருத’ கிளப் என்று ஒன்று உண்டு. அதன் பொறுப்பாசிரியரிடம் பிள்ளை மனம்விட்டுப் பேசலாம். வெளியே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மத்திய அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, கேரள அரசின் உதவி எண் திஷா 1056. டெலிமானஸில் தமிழிலும் பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. எண்களைப் பிள்ளையின் போனில் மட்டுமல்ல, உங்கள் போனிலும் பதிந்து வையுங்கள். பிள்ளையைவிட அம்மா அப்பாவுக்குத்தான் சில ராத்திரிகளில் அது தேவைப்படும்.

ரிசல்ட் நாளன்று இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடாதீர்கள், ஒருவராவது வீட்டில் இருங்கள். ஒரு பாடம் போனாலும் வருஷம் போகாது, வருஷம் வீணாகாமல் மறுபடி எழுத ‘சே’ (சேவ் எ இயர்) பரீட்சை இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கக் கொடுக்கிற நாட்கள் குறைவு. ஆகவே அழுகை ஓய்ந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளி ஆபீசுக்குப் போய்ப் படிவத்தை வாங்கிவிடுங்கள். ஊரிலிருந்து போன் செய்து மார்க் கேட்கிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.