வகுப்பறைச் சுவரில் ‘வரலாற்றில் இன்று’: ஜூன் 16-ஐ வைத்துப் பழகலாம்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜூன் 16 காலையில், பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு பட்டியல் போட்டேன். எங்கிருந்தோ வந்ததை அப்படியே வெட்டி ஒட்டியதுதான். ஐந்து நிமிடத்தில் ஒரு மாணவியின் தாத்தாவிடமிருந்து குரல்பதிவு. “டீச்சர், 1963-ல விண்வெளிக்குப் போன பொம்பளப் பிள்ளைய மலேசியா வாழ்த்துச்சுன்னு போட்டிருக்கீங்க. ஜூன் மாசம் மலேசியா ஏதும்மா? அப்ப மலாயாதான்.”

சரிதான். மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16. சரியாக மூன்று மாதம் கழித்து. அன்றோடு வெட்டி ஒட்டுவதை விட்டேன். இப்போது வாரம் ஒரு நாளை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு மணிலா அட்டை செய்கிறோம். தினமும் செய்ய ஆசைப்படாதீர்கள். மூன்றாம் வாரமே கை ஓய்ந்துவிடும்.

தேவையானவை: ஒரு மணிலா அட்டை, இரண்டு நிற மார்க்கர், இணையம், ஒரு மணி நேரம். என்னை வாட்டிய அதே ஜூன் 16-ஐயே மாதிரியாக எடுத்துக்கொள்வோம்.

படி 1: கண்டபடி சேருங்கள்

முதலில் தரம் பார்க்க வேண்டாம். பத்துப் பதினைந்து வரி சேரட்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பக்கம் உண்டு. தேடும்போது ‘ஜூன்’ என்று தட்டினால் நேராக வராமல் போகலாம். அங்கே ‘சூன் 16’ என்றுதான் எழுதியிருப்பார்கள்.

அடுத்து பழைய நாளிதழ்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் தன் நாளிதழ்த் தொகுப்பை இணையத்தில் வைத்திருக்கிறது. தமிழ் முரசும் அதில் உண்டு, அந்தக் கால மலாயாச் செய்திகளும் கிடைக்கும். ஒரு சூட்சுமம்: 16-ஆம் தேதி நடந்ததை 17-ஆம் தேதி இதழில் தேடுங்கள். புதியவர்கள் எல்லாரும் இதில்தான் அரைமணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

என் பட்டியலில் வந்து விழுந்தவை: மலேசிய இந்தியர் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் பிறந்தது (1919). சோவியத் ரஷ்யாவின் வாலென்டினா தெரஷ்கோவா முதல் பெண்ணாக விண்வெளிக்குப் போனது (1963). மரபணு ஆய்வாளர் பார்பரா மெக்ளின்டாக் பிறந்தது (1902). ஃபோர்டு மோட்டார் நிறுவனம் பதிவானது (1903). பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் பிறந்தது (1723). மலாயாவின் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டது (1948). தென்னாப்பிரிக்காவில் சொவேட்டோ மாணவர் போராட்டம் (1976).

படி 2: மூன்றைத் தவிர மற்றதைத் தள்ளுங்கள்

மனசு வராதுதான். ஆனாலும் தள்ளுங்கள். என் கணக்கு இது: ஒன்று நம் வீட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒன்று உலகத்திலிருந்து வர வேண்டும், ஒன்றைக் கையில் தொட்டுப் பார்க்க முடிய வேண்டும். ஃபோர்டு வெளியே. கார் கம்பெனி பதிவான நாளைப் பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எங்களுக்கு முதல் இடம் யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. பிள்ளைகள் தினமும் ஜாலான் துன் சம்பந்தன் வழியாகத்தான் போய் வருகிறார்கள். மோனோரயில் நிலையத்துக்கும் அவர் பெயர்தான். ஆனால் அவர் யார் என்று கேட்டால், “ரோடு டீச்சர்” என்றான் ஒருவன்.

படி 3: தேதியைச் சோதியுங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரப்பட்டு முடிக்காதீர்கள். மூன்று இடத்தில் கால் வழுக்கும்.

முதலாவது, பழைய நாட்காட்டி. ஆடம் ஸ்மித்தையே பாருங்கள். அவர் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. தேவாலயப் பதிவேட்டில் இருப்பது ஞானஸ்நானம் பெற்ற நாள்தான், அதுவும் ஜூன் 5. பிரிட்டனில் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டி. 11 நாள் கூட்டினால் ஜூன் 16. ஆக, இணையம் முழுக்க ‘பிறந்தநாள்’ என்று சுற்றுவது பிறந்தநாளே இல்லை.

இரண்டாவது, நேர வித்தியாசம். தெரஷ்கோவாவின் வோஸ்டாக் 6 கிளம்பியது மாஸ்கோவில் நண்பகல் 12.29-க்கு. அப்போது நம் கடிகாரம் மாஸ்கோவைவிட நாலரை மணி நேரம் முன்னால் ஓடியது; இங்கே மாலை 5 மணி ஆகியிருக்கும். தேதி மாறவில்லை, பிழைத்தோம். நிலவில் முதல் காலடி வைத்த நாளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு 10.56; இங்கே ஜூலை 21, திங்கட்கிழமை காலை 10.26. நம் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள்!

மூன்றாவது, நாட்டின் பெயர். அதைத் தாத்தாவே சொல்லிவிட்டார்.

படி 4: பிள்ளை பேசுகிற மொழியில் எழுதுங்கள்

நான் முதலில் எழுதியது இது: “துன் சம்பந்தன் அவர்கள் மலேசிய இந்தியர் காங்கிரசின் ஐந்தாவது தேசியத் தலைவராகத் திகழ்ந்தார்.” தகவலில் பிழையில்லை. ஆனால் நான்காம் ஆண்டுப் பிள்ளை ‘திகழ்ந்தார்’ வரைக்கும் வரவே மாட்டாள்.

மாற்றி எழுதியது: “நம் மோனோரயில் நிலையத்துக்கு ஏன் இவர் பெயர்? வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, அங்கே வேலை செய்தவர்களுக்குப் போக இடமில்லை. ‘நாமே பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்குவோம்’ என்றார் இவர். அதற்காக 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது.”

இதை வாசித்த பிறகு ஒருத்தி வீட்டில் போய்க் கேட்டிருக்கிறாள். மறுநாள் அவள் பாட்டி வைத்திருந்த சங்கப் பங்குப் புத்தகத்தின் படம் புலனத்தில் வந்தது. அட்டையில் அதையும் ஒட்டினோம்.

படி 5: கையில் ஏதாவது கொடுங்கள்

தெரஷ்கோவா ஏறத்தாழ 71 மணி நேரத்தில் பூமியை 48 முறை சுற்றினார். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று வகுக்கச் சொன்னேன். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. “ஒரு காற்பந்து ஆட்டம் முடியறதுக்குள்ள உலகத்தையே சுத்திட்டாங்களா!” கடைசி பெஞ்சிலிருந்து வந்த குரல் அது. அவருக்கு அப்போது வயது 26, அதற்கு முன் துணி ஆலையில் வேலை, பொழுதுபோக்கு பாராசூட்டில் குதிப்பது. இந்த மூன்றையும் சொல்லிப் பாருங்கள், பெண் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மெக்ளின்டாக்குக்கு மக்காச்சோளம். பல நிற மணிகள் கலந்த கதிர் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் படம் போதும். ஒரே மணியில் ஏன் புள்ளி புள்ளியாக நிறம் வருகிறது என்று பார்க்கப் போய்த்தான், சில மரபணுக்கள் இடம்விட்டு இடம் தாவும் என்று கண்டுபிடித்தார். நோபல் பரிசு கிடைத்தது 1983-ல், 81 வயதில். பாடம் முடிந்ததும் சோளத்தைப் பாதுகாப்பாக எடுத்து வையுங்கள். என்னுடையதில் பாதி மணியைக் காணோம்.

படி 6: கனமான செய்திகள்

சம்பந்தன் பிறந்த ஊர் சுங்கை சிப்புட். அவருடைய 29-ஆவது பிறந்தநாளன்று அதே வட்டாரத் தோட்டங்களில்தான் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் (கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க வந்த அவசரச் சட்ட ஆட்சி); 1960 ஜூலை 31 வரை நீடித்தது. சொவேட்டோவில் வேற்றுமொழியைத் தங்கள் மேல் திணிக்காதீர்கள் என்று ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் போலீஸ் சுட்டது.

இரண்டையும் சின்னப் பிள்ளைகளின் அட்டையில் நான் போடுவதில்லை. ஆறாம் ஆண்டில் போடுகிறேன், ஆனால் பக்கத்தில் நின்று பேச நேரம் இருந்தால் மட்டும். சுவரில் ஒட்டிவிட்டு நகர்ந்துபோகும் செய்திகள் இல்லை இவை.

படி 7: வகுப்புப் பிறந்தநாள்

அன்றைக்கு வகுப்பில் யாருக்காவது பிறந்தநாளா? பெயரை அட்டையின் உச்சியில், சம்பந்தன் பெயர் எழுதிய அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். சின்னதாக எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்து எந்த நாள் என்று தேடினால், பிப்ரவரி 8 நல்ல நாள்: துங்கு அப்துல் ரஹ்மானும் (1903) தனிம அட்டவணை தந்த மெண்டலேவும் (1834) ஒரே நாளில் வருகிறார்கள். ரஷ்யப் பழைய நாட்காட்டியில் மெண்டலேவுக்கு ஜனவரி 27. மூன்றாம் படியை மறக்காதீர்கள். குறும்பான வகுப்பாக இருந்தால் டிசம்பர் 31-ஐ எடுங்கள். 1981-ல் அந்த நாள் தீபகற்ப மலேசியாவில் 24 மணி நேரம் இல்லை, இருபத்து மூன்றரைதான். இரவு 11.30-க்குக் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்ததும் நேராகப் புத்தாண்டு பிறந்துவிட்டது. அந்த அரை மணி நேரம் எங்கே போனது என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்.