ஹாட்ஸ்பாட் இருந்தும் டேப்லெட்டுக்குத் தெரியவில்லை

பயணத்தில் என்னிடம் இருந்தது வைஃபை மட்டும் உள்ள பழைய டேப்லெட். சிம் போட இடமே கிடையாது. சரி, போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். சுற்றியிருந்தவர்களின் வைஃபை பெயர்களெல்லாம் வரிசையாக வந்தன, என் போனின் பெயர் மட்டும் வரவில்லை. இரண்டையும் அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டைக்கூட மாற்றினேன் (பெயரே தெரியாதபோது அதை மாற்றி என்ன பயன்!).

அப்புறம்தான் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். அலைவரிசை 5 கிகாஹெர்ட்ஸ் என்றிருந்தது. என் டேப்லெட்டுக்கு 2.4 மட்டும்தான் பிடிபடும். மாற்றிய சில நொடிகளில் பெயர் எட்டிப் பார்த்தது. புதிய ஐபோன்களில் இதே வேலையை ‘மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’ என்ற பொத்தான் செய்யும்.

கூத்து அதோடு முடியவில்லை. வைஃபை கிடைத்த சந்தோஷத்தில் டேப்லெட் தேங்கிக் கிடந்த அப்டேட்டுகளையெல்லாம் இறக்க ஆரம்பித்து, அன்றைய டேட்டாவில் பாதி காலி. டேப்லெட்டில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு, ‘மீட்டர்டு’ (டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்று குறித்த பிறகுதான் அடங்கியது.

போன் பேட்டரியும் மளமளவென இறங்கியது. மெயில் மட்டும் பார்க்கும்போது இப்போதெல்லாம் புளூடூத் டெதரிங்தான் (போனின் நெட்டை வைஃபைக்குப் பதில் புளூடூத் வழியே பகிர்வது). வேகம் குறைவு, ஆனால் சார்ஜ் நிற்கிறது.