‘ஸ்டார் ட்ரெக்’ படத்தின் தொடக்கக் காட்சியைப் புதியவர்களுக்குப் போட்டுக் காட்டுவது எப்படி

ஜே. ஜே. ஏப்ரம்ஸ் இயக்கி 2009-இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’கில், படத்தின் பெயர் திரையில் விழுவதற்கு முன்பே பத்து நிமிடக் கதை ஓடிவிடும். அதற்குள் ஒரு குழந்தை பிறக்கிறது, அதன் அப்பா இறந்துபோகிறார். “பெயர் போடுவதற்குள் அழுதுவிட்டேன்” என்று சொல்லும் ரசிகர்கள் ஏராளம். அதில் பாதிப் பேர் அதற்கு முன் ஸ்டார் ட்ரெக் பக்கமே போகாதவர்கள். அதனால்தான் விண்வெளிப் படம் என்றாலே எழுந்து போகிறவர்களையும் நான் தைரியமாக உட்காரவைக்கிறேன். நான் ஈரோட்டில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவன். கல்யாண வீடுகளுக்கும் கோயில் விழாக்களுக்கும் மைக் செட் கட்டுவது தொழில். இந்தக் காட்சியை வீட்டில் எப்படிப் போட்டால் அது முழுதாகப் போய்ச் சேரும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஆள். ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர் போதும். கூட்டம் சேர்ந்தால் யாராவது ஒருவர் பேச்சுக் கொடுத்துவிடுவார்.

அடுத்து, முன்னுரை. இதில்தான் ரசிகர்கள் ஆர்வக்கோளாறில் கெடுத்துவிடுவார்கள். 1966-இல் தொடங்கிய டிவி தொடர், அதன் நாயகன் கேப்டன் கிர்க் யார், அவர் தோழர் ஸ்பாக் யார், காலப்பயணம் என்று அரைமணி நேரம் வகுப்பு எடுத்தால் எதிரில் இருப்பவருக்குக் கொட்டாவிதான் வரும். இவ்வளவு சொன்னால் போதும்: கெல்வின் என்று ஒரு விண்கப்பல், அதில் ஜார்ஜ் கிர்க் என்ற அதிகாரி வேலை செய்கிறார், அவர் மனைவி வினோனா நிறைமாதக் கர்ப்பிணி, அதே கப்பலில் இருக்கிறார். எதிரி யார், ஏன் வந்தான் என்பதெல்லாம் படம் பிறகு சொல்லும். இன்னொன்றை மட்டும் மறக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜார்ஜாக நடிப்பவர் கிறிஸ் ஹெம்ஸ்வொர்த். அப்போது அவர் பெரிதாக வெளியே தெரியாதவர், மார்வெல் படத்தில் தோர் என்ற சூப்பர்ஹீரோவாக வந்தது 2011-இல். சொல்லாமல் விட்டால் சரியாக அழவேண்டிய இடத்தில் “அய்யோ, இது தோர்தானே?” என்று குரல் வரும்.

இப்போது ஒலி. என் கணக்கில் வேலையில் முக்கால்வாசி இதுதான். டிவியின் ஒலி அமைப்பில் நைட் மோட், ஆட்டோ வால்யூம் என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் அவற்றின் வேலை. இந்தக் காட்சியோ மேடு பள்ளத்தை நம்பியே கட்டப்பட்டது. கெல்வின் தாக்கப்படும்போது ஓரிடத்தில் சுவர் பிளந்து ஒரு பெண் வெளியே இழுபட்டுப் போகிறாள். உள்ளே இருந்தவரை அலறலும் வெடிச்சத்தமும். வெளியே விழுந்த கணத்தில் சட்டென்று எல்லாம் நின்றுவிடும். விண்வெளியில் காற்று இல்லை, சத்தமும் இல்லை. அந்த ஒரு வெட்டு போதும், பார்ப்பவர் நிமிர்ந்து உட்கார. ஆனால் மேலே சீலிங் ஃபேன் ஐந்தில் கடகடத்துக்கொண்டும், சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டும் இருந்தால் அந்த நிசப்தம் உங்கள் வீட்டுக்குள் வரவே வராது. ஆகவே பத்து நிமிடம் ஃபேனை நிறுத்துங்கள், அல்லது ஒன்றில் வையுங்கள். வெயில் இறங்கிய பிறகு போடுவது இதற்காகத்தான். முதல் ஒரு நிமிடப் பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வைத்துக்கொண்டு ரிமோட்டைக் கீழே வைத்துவிடுங்கள். வெடிக்கும்போது குறைப்பது, பேசும்போது கூட்டுவது என்று கையில் வைத்து ஆட்டவே கூடாது.

சப்டைட்டில் பற்றிக் கேட்பார்கள். ஆங்கிலம் புரிகிறவர்களுக்கு வேண்டாம். நடிகர் வாய் திறப்பதற்குள் எழுத்து வந்து விஷயத்தைப் போட்டு உடைத்துவிடும். புரியாதவர்களுக்கு அவசியம் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் மொழிபெயர்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

படம் ஓடத் தொடங்கியதும் உங்கள் வேலை வாயை மூடிக்கொண்டு இருப்பது. முகத்தைத் திரும்பிப் பார்த்து “அழுகிறாரா?” என்று வேவு பார்க்காதீர்கள், அவருக்கு அது தெரிந்துவிடும், அடக்கிக்கொள்வார். ஃபரான் தாஹிர் நடித்த கேப்டன் ராபோ எதிரிக் கப்பலுக்குத் தனியாகப் போவார். அவருடைய நாடித்துடிப்பு கெல்வினில் இருக்கும் திரையில் தெரியும். அது நேர்க்கோடாகும்போதுதான் அவர் போய்விட்டார் என்று கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரிகிறது. கப்பல் ஜார்ஜ் கைக்கு வருகிறது. எல்லோரையும் தப்பிக்கும் ஓடங்களில் ஏற்றிவிட்டு அவரும் போயிருக்கலாம். ஆனால் தானியங்கி இயக்கம் பழுதாகிவிடுகிறது. ஓடங்கள் தப்ப வேண்டுமானால் கெல்வினை எதிரிக் கப்பல்மேல் மோதவிட வேண்டும், அதற்கு யாராவது உள்ளே இருந்து ஓட்ட வேண்டும்.

இதற்குப் பிறகு வருவதுதான் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பேசும் இடம். ஓடத்தில் பிரசவம், கப்பலில் கணவர், நடுவில் குரல் மட்டும். குழந்தை அழுகிறது. பையன் என்கிறாள். அவர் கேட்பது அவன் எப்படி இருக்கிறான் என்றுதான். அப்புறம் பெயர் வைக்கும் பேச்சு. அவளுடைய மாமனார் பெயரான டைபீரியஸை வைக்கலாமா என்கிறாள். ஜார்ஜோ அதெல்லாம் வேண்டவே வேண்டாம் என்று தட்டிவிட்டு, உன் அப்பா பெயரையே வை, ஜிம் என்று கூப்பிடலாம் என்கிறார். அந்த இடத்தில் எல்லோருக்கும் சிரிப்பு வரும். வரட்டும், தடுக்காதீர்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மோதல் நெருங்கிவிடும். பழைய ரசிகர்கள் சிரிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு: இந்தக் குழந்தைதான் வளர்ந்து நாயகனாகும் ஜேம்ஸ் டி. கிர்க். அந்த ‘டி’ என்பது டைபீரியஸ் என்று 1974-இலேயே அனிமேஷன் தொடரில் சொல்லியாகிவிட்டது. தாத்தா பெயர் எப்படியும் நடுவில் ஏறிக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் நண்பர் ஒருவர் ஷார்ஜாவில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். முதல் பெண் குழந்தை பிறந்தபோது அழுகையைப் போனில்தான் கேட்டார். அவருக்கும் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். கதை முழுதும் புரிந்ததா என்று தெரியவில்லை. குரல் மட்டும் வரும் அந்த இடத்தில் முன்னால் குனிந்து, டிவிக்குக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். காட்சி முடிந்ததும் “அந்த அம்மாவால அவருக்குக் காட்ட முடியலையே” என்றார். ‘ஏன் அழுகை வருகிறது’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

கடைசி நிமிடத்தில் வெடிச்சத்தங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு மைக்கேல் ஜியாக்கினோவின் இசையை மட்டும் முன்னால் வைத்திருக்கிறார்கள். இதே ஜியாக்கினோ இசையமைத்த ‘அப்’ (Up) என்ற அனிமேஷன் படமும் அதே 2009 மே மாதம்தான் அமெரிக்காவில் வெளியானது. அதன் தொடக்கமும் ஆட்களை அழவைப்பதில் பெயர்பெற்றது. அவருக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது அந்தப் படம். கெல்வின் காட்சியின் இசை ‘லேபர் ஆஃப் லவ்’ என்ற தலைப்பில் தனியாகக் கிடைக்கிறது. முன்கூட்டிப் போட்டுக் காட்டாதீர்கள்.

பெயர் திரையில் வந்து ஹார்ன் இசை முடியும்வரை நிறுத்த வேண்டாம். அது முடிந்ததும் நிறுத்தலாம். “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருந்தது” என்ற பதில்தான் வரும். அவராகப் பேசட்டும். அழாதவர்களும் உண்டு, அதில் ஒரு குறையும் இல்லை.

பழைய ரசிகரோடு பார்த்தால் கதை வேறு. அவருக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்து வரலாம். கிர்க் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்காரர் என்பது பழைய படங்களிலேயே வந்தது. அங்கே ரிவர்சைட் என்ற சிற்றூர், கிர்க்கின் எதிர்காலப் பிறந்த ஊர் என்று தன்னை அறிவித்துக்கொண்டு அதைக் கொண்டாடிவருகிறது. இந்தப் படத்தில் குழந்தையோ விண்வெளியில் பிறக்கிறது. அவரோடு வாதாடாதீர்கள், படத்தைத் தொடருங்கள். பனிக்குகையில், பழைய தொடரில் ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமோய் முதிய ஸ்பாக்காக வந்து, எதிர்காலத்திலிருந்து வந்த எதிரி வரலாற்றை மாற்றுவதற்கு முன் இருந்த தன் காலவரிசையில் கிர்க்கின் அப்பா உயிரோடு இருந்தார், மகன் கேப்டன் ஆனதையும் பார்த்தார் என்பார். அதைக் கேட்டபின் தொடக்கக் காட்சியை மறுபடி போடுங்கள். அந்த மனிதர் இறந்ததோடு, வாழ்ந்திருக்க வேண்டிய வாழ்க்கையே பறிபோனதாகத் தெரியும். என் அனுபவத்தில் பழைய ரசிகர்கள் இரண்டாவது தடவைதான் அழுகிறார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். கேப்டனைக் குத்திக் கொல்லும் இடம் இருக்கிறது.

புதியவர் மீதிப் படத்தையும் பார்க்கிறேன் என்றால், டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஓடவிடுங்கள். வளர்ந்த ஜிம் மதுக்கடையில் அடிவாங்கி உட்கார்ந்திருக்கும்போது பைக் என்ற பெயருடைய கேப்டன் வருவார். உன் அப்பா கேப்டனாக இருந்தது 12 நிமிடம், காப்பாற்றியது 800 உயிர் என்று கணக்குச் சொல்லி, முடிந்தால் அதைவிட நன்றாகச் செய்துகாட்டு என்பார். அப்போது மட்டும் பேச்சுக் கொடுக்காமல் இருங்கள்.