ஸ்டேஷன் வாசல் முதல் கோர்ட்டு வரை: நியாயம் உள்ளவர்களே வழக்கைத் தொலைக்கும் தவறுகள்

திங்கட்கிழமை காலையில் வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குப் போனால், குறைதீர்க்கும் நாள் வரிசையில் மனுவோடு நிற்கும் பலர் அங்கே வந்திருக்கவே வேண்டாதவர்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர், சுடுகாட்டுப் பாதை என்றால் அது சரியான இடம்தான். அடித்தார்கள், வீடு புகுந்து மிரட்டினார்கள், வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள் என்பதையும் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்புவதுதான் முதல் தவறு. அந்த மனு நாலு மேசை சுற்றி, நீங்கள் நம்பிக்கையில்லாமல் தாண்டி வந்த அதே ஸ்டேஷனுக்கே விசாரணைக்குப் போய்ச் சேரும். அதற்குள் காயம் ஆறியிருக்கும். பார்த்த சாட்சி வேலைக்குப் பெங்களூரு போயிருப்பார். கலெக்டரிடம் மனு கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் அது ஸ்டேஷன் புகாருக்கு மாற்று ஆகாது.

வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்த பிறகும் ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் பழைய பழக்கத்தில் வேலூர் எஸ்.பி.க்கே தபால் போடுகிறார்கள். அவர்களுக்குத் திருப்பத்தூர் எஸ்.பி. ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர், அரக்கோணம் என்றால் ராணிப்பேட்டை. காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம், அணைக்கட்டு, வேலூர் மட்டும்தான் வேலூர் மாவட்டம்.

புகாரில் எழுதக்கூடாததும் எழுதவேண்டியதும்

"அசிங்கமாகத் திட்டி, பயங்கரமாகத் தாக்கி, கொலை மிரட்டல் விடுத்தார். தக்க நடவடிக்கை எடுத்து நியாயம் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் வாங்கும் புகார் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதில் வழக்குப் பதிய எதுவுமே இல்லை. இதையே இப்படி எழுத வேண்டும்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடத்தில், யார், எதைக் கொண்டு, உடம்பில் எங்கே அடித்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள், எந்த ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள். அவர் சொன்ன வார்த்தையை, கெட்ட வார்த்தையாக இருந்தாலும், சொன்னபடியே எழுதுங்கள். சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் அந்தச் சொல்லே வழக்கின் உயிர். "சாதிப் பெயரைச் சொல்லி" என்று மட்டும் எழுதினால் வழக்கு பலவீனமாகிவிடும். ஒன்றரைப் பக்கம் போதும். பத்து வருடப் பகையை எல்லாம் கொட்டினால் அன்றைக்கு நடந்தது அதில் மூழ்கிப்போகும்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு "கேஸ் ஆயிடுச்சு" என்று வீட்டுக்கு வருவதுதான் அடுத்த பெரிய தவறு. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது, அவ்வளவே. வழக்கு என்றால் முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாக, உடனே தர வேண்டும். சம்பவம் வேறு ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. எங்கே கொடுத்தாலும் பதிய வேண்டும். ஆன்லைனில் அனுப்பிய புகாருக்கு மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இதை மறந்துவிட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு.

"விசாரிச்சிட்டு போடறோம்" என்பார்கள். மூன்று வருடத்துக்குக் குறையாத, ஏழு வருடத்துக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு முன்விசாரணை செய்யச் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் 14 நாள்தான் கெடு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் புகாருக்கு அந்த முன்விசாரணையே தேவையில்லை என்று 2018-ல் வந்த 18-ஏ பிரிவு சொல்கிறது.

பதியவில்லை என்றால் சென்னைக்கு ஓடாதீர்கள். ஏணியில் அடுத்த படி எஸ்.பி. புகார் நகலை, ஸ்டேஷனில் கொடுத்த தேதியைக் குறிப்பிட்டு, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் அதே சன்ஹிதாவின் 175(3) பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு, கூடவே பிரமாணப் பத்திரம். எஸ்.பி.க்கு அனுப்பிய அத்தாட்சி இல்லாமல் நேராக மாஜிஸ்திரேட்டிடம் போனால் அந்த மனு நிற்காது. அந்தச் சின்னத் தபால் ரசீதைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

"தவறி விழுந்துட்டேன்"

அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையானாலும் தாலுகா ஆஸ்பத்திரியானாலும், அடிபட்டு வருகிறவரிடம் டூட்டி டாக்டர் கேட்டு எழுதுவது ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேடு. எப்படி அடிபட்டது, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எதைக் கொண்டு என்பதை நோயாளி சொல்லும் வார்த்தையிலேயே அதில் குறிப்பார். புருஷன் அடித்து வந்த பெண், கூட வந்த மாமியார் முகத்தைப் பார்த்து "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறாள். ஆறு மாதம் கழித்து வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் காட்டும் காகிதம் அதுதான். அடித்தவர் தெரிந்தவர் என்றால் தெரிந்தவர் என்றே சொல்ல வேண்டும். இரண்டு பேர் அடித்ததை, கோபத்தில் ஐந்து பேர் என்று சொல்வதும் அதே அளவுக்குக் கெடுதல். ஏ.ஆர்.-ல் இரண்டு, எஃப்.ஐ.ஆரில் ஐந்து என்றால் உண்மையில் அடித்த இரண்டு பேருமே தப்பித்துவிடுவார்கள். கூடப் போகிறவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, டாக்டர் கேட்கும் அந்த ஐந்து நிமிடம் அடிபட்டவரைத் தனியாகப் பேச விடுவதுதான். வெளியே வரும்முன் ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சமாதானக் கடிதம்

ஸ்டேஷனில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, "இனி பிரச்சினை செய்ய மாட்டேன், மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதி வாங்குவது இங்கே அன்றாடம் நடப்பது. அண்டை வீட்டு வாய்ச்சண்டைக்கு அது போதும். பணம் தர வேண்டியவர், நிலத்தை ஆக்கிரமித்தவர், திரும்பத் திரும்ப அடிப்பவர் என்றால் போதாது. எழுதித் தருவதானால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், தவறினால் புகார் உயிரோடிருக்கும் என்ற வரி அதில் இருக்கட்டும். வெற்றுத்தாளில் மட்டும் யார் சொன்னாலும் கையெழுத்து வேண்டாம்.

இன்னொன்று: பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்டவர்களையும், 60 தாண்டியவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போலீஸ்தான் போக வேண்டும்.

இலவச வக்கீல்

"ஓசி வக்கீல் ஒழுங்கா வாதாட மாட்டார்" என்ற பேச்சை நம்பி, வட்டிக்கு வாங்கி வக்கீலுக்குக் கொடுக்கிறார்கள். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லாரும் வருகிறார்கள். இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. டீச்சராக இருக்கும் பெண்ணும் கேட்கலாம். தொரப்பாடி சிறையில் இருக்கும் மகனுக்காகக் குடும்பமும் கேட்கலாம். வக்கீல் மட்டுமல்ல, கோர்ட்டுக் கட்டணம், நகல் செலவும் இதில் அடங்கும். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. குடியாத்தம் போன்ற ஊர்களில் வட்ட சட்டப்பணிகள் குழுவே போதும். போன் எண் 15100. நியமித்த வக்கீல் பணம் கேட்டாலோ, வாய்தாவுக்கு வராவிட்டாலோ மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள்.

யார் வக்கீலானாலும் வழக்கின் சி.என்.ஆர். எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட்டு தரும் தனி அடையாள எண்ணை, கேட்டு வாங்குங்கள். எழுத்தும் எண்ணும் சேர்ந்து பதினாறு இடம். ஈ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதியும் அன்றன்றைய உத்தரவும் தெரியும்.

தபாலைத் திருப்பி அனுப்புதல்

"கோர்ட்டு தபாலை வாங்கினாத்தானே மாட்டுவோம்" என்பது ஊரில் இன்னும் ஓடும் அறிவுரை. சம்மனை வாங்க மறுத்தால், அது சார்வு ஆகிவிட்டதாகவே, அதாவது உங்கள் கையில் சேர்ந்துவிட்டதாகவே, நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். சிவில் வழக்கில் பதிலுரைக்கு 30 நாள், காரணம் காட்டினால் அதிகபட்சம் 90 நாள். ஆள் வராவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கோரவும் தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாள்தான். சம்மன் முறைப்படி சேரவே இல்லை என்றால் மட்டும், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. மறுத்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. கெடு தாண்டினால், தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்பு மனு போட வேண்டும். கோர்ட்டு ஊழியரான அமீனா வந்து வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிய பிறகு ஓடி வருவதைவிட, தபாலை வாங்கிப் பிரித்து, முதல் பக்கத்திலுள்ள தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டம் போடுவது நல்லது.

லோக் அதாலத்தும், காசாகாத தீர்ப்பும்

லோக் அதாலத்தில், அதாவது இரு தரப்பும் பேசிச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், வழக்கு முடிந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பும். ஆனால் அதன் மேல் அப்பீல் கிடையாது. கூட்ட நெரிசலில் "சரி சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அழுதால் பயனில்லை. தொகை, தவணைத் தேதி, எந்த வங்கிக் கணக்கு, ஒரு தவணை தவறினால் மொத்தமும் உடனே தர வேண்டுமா என்பதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த உத்தரவு சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணைக்கு (டிகிரி) சமம். பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு போடலாம். கெடு 12 வருடம்.

தீர்ப்பு வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடுவதால் என்ன ஆகும் என்பதற்குப் பாலாற்றங்கரையைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. இழப்பீட்டை இன்னும் பெறாதவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கும்படி அரசுக்கு 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

கொத்தடிமையை இரவோடு இரவாக மீட்பது

செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் வேலையிலும் முன்பணத்துக்காகக் கட்டுண்டு கிடக்கும் இருளர் பழங்குடிக் குடும்பத்தை, நல்ல மனசோடு வேன் வைத்து ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது என்பது உண்மை. ஆனால் கோட்டாட்சியர் அல்லது சப் கலெக்டர் நேரில் விசாரித்துக் கொடுக்கும் விடுதலைச் சான்றிதழ் இல்லாமல் போனால், கையில் எதுவும் இல்லை. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை அந்தச் சான்றிதழை வைத்துத்தான் கிடைக்கும், அதற்கு வழக்கில் தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டாம். மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடுமை மிக அதிகமான நிலையில் 3 லட்சம். எனவே குடும்பம் வேலையிடத்தில் இருக்கும்போதே கோட்டாட்சியருக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். முன்பணம் எவ்வளவு, எந்த மாதம் வந்தார்கள், வாரக்கூலியில் எவ்வளவு பிடித்தம், வெளியே போகவிடாமல் யார் தடுத்தார்கள் என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, முதலாளி இல்லாத இடத்தில் பதியச் சொல்லுங்கள். குழந்தைகள் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ் ஆளுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்றல்ல.