முடிக்கொத்து வந்த வாழையை உடனே வெட்டாதீர்கள்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மலைவாழை வைத்திருப்பவர்களுக்கு இது. குருத்து இலைகள் குறுகி, விறைப்பாக, உச்சியில் கொத்தாக நின்றால் முடிக்கொத்து என்ற வைரஸ் நோய். சந்தேகமா? இலைக்காம்பைப் பாருங்கள், கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாக விட்டுவிட்டுத் தெரியும். 1970-களில் கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி என்ற மலைவாழை ரகத் தோட்டங்களை அழித்தது இந்த வைரஸ்தான். மருந்து கிடையாது.

பார்த்ததும் அரிவாளை எடுப்பதுதான் தப்பு. வைரஸைச் சுமப்பது இலைமடல் இடுக்கில் ஒளிந்திருக்கும் கரும்பழுப்பு அசுவினிப் பூச்சி. மரத்தைச் சாய்த்தால் அது பக்கத்து வாழைக்குப் போய்விடும். முதலில் குருத்து, மடல் இடுக்கு, அடித்தண்டு எல்லாம் நனைய சோப்புக் கரைசல் அடியுங்கள். பூச்சி செத்ததைப் பார்த்த பிறகு கிழங்கோடும் பக்கக்கன்றுகளோடும் தோண்டி அழியுங்கள். கிழங்குத் துண்டு மிஞ்சினால் அதில் முளைக்கும் கன்றும் நோயோடுதான் வரும். எறும்பு வரிசையாக ஏறும் வாழையைத் தினமும் கவனியுங்கள். அசுவினியின் தேன்கழிவுக்காகத்தான் பெரும்பாலும் ஏறுகிறது.

அப்புறம், தெரிந்தவர் தோட்டத்துக் கன்று என்று வாங்கி நடாதீர்கள். வெளியே நோய் தெரியாத கன்றிலும் வைரஸ் இருக்கலாம். வைரஸ் சோதித்த திசு வளர்ப்புக் கன்றுக்குத் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள்.