மழை ஓய்ந்தபின் கிணற்றுக்குக் குளோரின் போடுவது எப்படி?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நான் செய்கிற முதல் வேலை இது. தண்ணீர் கலங்கியிருந்தால் மோட்டார் போட்டு இறைத்துவிட்டு, தெளிவாக ஊறும்வரை பொறுங்கள். கலங்கல் நீரில் குளோரின் வீணாகும்.

அளவைக் கண்மதிப்பில் விடாதீர்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 0.785 ஆலும் பெருக்குங்கள், எல்லாம் மீட்டரில். வருவது கன மீட்டர்; ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீர் என்றால் ஏறக்குறைய 28,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் வீதம் 70 கிராம் போதும். கைநிறைய அள்ளி வீசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். பவுடர் புதிதாக, மூக்கைத் துளைக்கும் நெடியோடு இருக்கவேண்டும். கட்டிதட்டிய பழைய மூட்டை ஆகாது.

பிளாஸ்டிக் வாளியில் பவுடரைச் சிறிது நீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி வரை நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். அடியில் இட்லி மாவுபோல் வெள்ளையாகத் தங்குவது சுண்ணாம்பு. அதைக் கிணற்றில் கொட்டினால் நீரின் கடினத்தன்மை கூடும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, கயிறு கட்டி நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக வேகமாக ஆட்டுங்கள்.

இதை இரவில் செய்வது என் வழக்கம். யாரும் தண்ணீர் எடுக்க வரமாட்டார்கள். குறைந்தது ஒரு மணி நேரம் விடவேண்டும். பிறகு குளோரின் சோதனைப் பெட்டியில் பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் காட்டவேண்டும். குறைந்தால் மீண்டும் போடுங்கள். உப்பும் ஃபுளூரைடும் இதனால் போகாது. அதற்கு ஆர்.ஓ. கருவி போன்ற வேறு வழிதான் வேண்டும்.